முதல் பள்ளம்

திங்கட்கிழமை, காலை 9.50.

திரையில் தபால்காரப் பொம்மை ஓடியது, தாவியது, பள்ளத்தில் விழுந்தது. பேராசிரியர் மறுபடி ஆரம்பித்தார். மறுபடி விழுந்தது. ஏழாவது முறையும் விழுந்ததும் அவர் கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார். தப்பு கண்ணாடியில் இல்லை.

முதலாண்டு மாணவர்களுக்கு ‘கேம் வடிவமைப்பு அடிப்படைகள்’ என்று ஒரு பாடம். அதன் இறுதி மதிப்பீடு அன்று. தபால்காரன் ஆறு அறைகளைத் தாண்டிக் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதுதான் அந்த கேம். முதல் அறையில் இருக்கும் பள்ளம் சும்மா ஒரு பாடத்துக்காக. எந்தப் பொத்தானை அழுத்தினால் தாவும் என்று ஆடுபவருக்குக் கற்றுக்கொடுப்பதற்காக வைத்தது. சின்னக் குழந்தைகூடத் தாண்டிவிடும் என்று விளக்கக் குறிப்பில் எழுதியிருந்தது.

அதை உருவாக்கியவள் பேராசிரியருக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முழுக்க அவளை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடும். காரணம், அவள் சொந்தத் தம்பியும் அதே வகுப்பு. ஒரு வருடம் வேறு பாடம் படித்துப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் இங்கே வந்து சேர்ந்தவள் அவள். தம்பிக்கு ‘தலையணை’ என்று பெயர். எங்கே உட்கார்ந்தாலும் தூங்குவான்.

“சார், இது யாரோ பண்ண வேலை!” என்று முதலில் கத்தியது அக்காவின் குழுக் கூட்டாளி. கையில் ஃபைல் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை என்பதால் அவனுக்கு ‘மேனேஜர்’ என்று பெயர். “வெள்ளிக்கிழமை வெளியாள் பத்துப் பேரை உக்கார வச்சு ஆட விட்டேன். பத்துப் பேரும் இந்தப் பள்ளத்தைத் தாண்டினாங்க. தாள் எல்லாம் இருக்கு சார். அதுக்கப்புறம் எவனோ உள்ள புகுந்து கை வச்சிருக்கான்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஆய்வகம் பூட்டியிருந்தது. அப்படியானால் இன்று காலைதான். வகுப்பில் எல்லாத் தலைகளும் கடைசி வரிசைக்குத் திரும்பின. அங்கே தலையணை கண்ணைக் கசக்கிக்கொண்டு, “என்னாச்சு?” என்றான்.

காலை 10.15.

ஆய்வகப் பொறுப்பாளர் கதவுப் பதிவேட்டோடு வந்து சேர்ந்தார். காலையிலிருந்தே அந்த அம்மாளுக்கு எரிச்சல். மூன்று கன்ட்ரோலர்களில் யாரோ ஜாம் தடவிய விரலால் விளையாடியிருந்தார்கள். பொத்தான்களைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தவரை நடுவில் கூப்பிட்டிருந்தார்கள்.

“7.40க்குத் தம்பி உள்ள வந்திருக்கான். 8.30க்கு வெளிய போயிருக்கான். 8.45க்கு அக்கா. வேற யாரும் இல்ல” என்று படித்தார்.

“போன வாரம் எல்லார் முன்னாடியும் சொன்னான் சார்” என்றான் மேனேஜர். “‘உன் தபால்காரனைக் குழியில தள்ளி மூடுறேன் பாரு’ன்னு.”

“அது சண்டையில சொன்னது சார்! என் சார்ஜரை எடுத்து ஒளிச்சு வச்சுட்டா” என்றான் தலையணை.

“காலங்காத்தால இங்க என்ன வேலை உனக்கு?”

“தூங்க வந்தேன் சார்.”

“தூங்கவா?”

“வீட்டுல இவ அஞ்சு மணிக்கே லைட்டைப் போட்டுடறா. தூங்கவே விடறதில்ல.”

உண்மையைத்தான் சொன்னான். ஆனால் அதைவிட மோசமான ஒரு பதிலை யாராலும் யோசித்திருக்க முடியாது. பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்தவர் வேலையைக் கெடுத்தவனைப் படிப்பிலிருந்தே நீக்க வேண்டும் என்பது விதி. அவர் டீனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். பன்னிரண்டு மணிக்கு அது மேலே போய்விடும்.

தலையணை அக்காவைப் பார்த்தான். “நீயாவது சொல்லேன்.”

“என்னத்தைச் சொல்ல? நீதானே இருந்த” என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. அம்மா. யார் சொன்னார்களோ தெரியவில்லை, செய்தி வீடு வரைக்கும் போயிருந்தது. ஸ்பீக்கர் போடாமலே அறை முழுக்கக் கேட்டது. “ரெண்டையும் ஒரே வகுப்புல சேர்த்தது என் புத்தியைச் சொல்லணும்! டேய், நீ செஞ்சியா இல்லையா? சரி, அதை விடு, சாப்பிட்டியா?”

பொறுப்பாளர் பெருமூச்சு விட்டார். “பன்னெண்டு மணி வரைக்கும் டைம் இருக்குல்ல சார்? அந்தப் பத்துத் தாளைக் கொஞ்சம் கொடுங்க.”

காலை 10.40.

தாள்கள் அச்சடித்த மாதிரி சுத்தமாக இருந்தன. ஆடியவர் வயது, முதல் பள்ளத்தைத் தாண்ட எத்தனை முயற்சி, எங்கே திணறினார், கருத்து. முதல் பள்ளம் என்ற இடத்தில் பத்திலும் ‘1’ என்று போட்டிருந்தது. கருத்து என்ற இடத்தில் ‘நன்று’, ‘மிக நன்று’, ‘மிகவும் ரசித்தேன்’.

அவர் இரண்டு முறை புரட்டினார். பிறகு அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

“காலைல வந்ததும் ஆடிப் பார்த்தியா?”

“பார்த்தேன் மேடம். நல்லாதான் ஓடுச்சு.”

“எந்த அறையிலேர்ந்து?”

“அஞ்சாவது அறையிலேர்ந்து. அங்கதான் வேலை பாக்கி இருந்துச்சு.”

“முதல் அறையைக் கடைசியா எப்ப ஆடின?”

அவள் யோசித்தாள். “அது... முடிச்சு மூணு வாரம் ஆச்சே மேடம். அதை ஏன் திரும்பத் திரும்ப ஆடணும்?”

“நோட்டைக் காட்டு.”

தன் வேலையை அவள் தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள். அது ஒன்றுதான் அன்று பொறுப்பாளருக்குக் கிடைத்த ஆறுதல். போன செவ்வாய்க்கிழமைக்குக் கீழே ஒரு வரி: ‘அஞ்சாவது அறையில் கூரை தாழ்வு. தலை இடிக்கிறது. தாவும் வேகம் 12ஐ 9 ஆக்கினேன். இப்போது இடிக்கவில்லை.’

பொறுப்பாளர் நோட்டை மூடிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

காலை 11.05.

“வெள்ளிக்கிழமை எந்த கேமை ஆட விட்ட?” என்று மேனேஜரைக் கேட்டார்.

“வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா பென் டிரைவ்ல போட்டுக் கொடுத்தாங்க. அதைத்தான் மேடம்.”

“பென் டிரைவ் எங்க?”

“என் பையிலதான்.”

“வேற யாராவது தொட்டாங்களா?”

“சான்ஸே இல்ல மேடம். என் பையை விட்டு அது நகரவே இல்ல.” ரொம்பப் பெருமையாகச் சொன்னான்.

“நல்லா ஞாபகம் இருக்கா?”

“சத்தியமா மேடம்.”

“நல்லது. எடு.”

காலை 11.20.

சோதனை அறைச் சுவரில் ஒரே ஒரு விதி ஒட்டியிருந்தது: ‘அடுத்தவர் ஆடும்போது உருவாக்கியவர் வாயைத் திறக்கக் கூடாது.’ அதைக் காட்டி எல்லோரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு, பொறுப்பாளர் பென் டிரைவைச் செருகினார். உள்ளே மூன்று கோப்புகள் இருந்தன: ‘கடைசி’, ‘உண்மையிலேயே கடைசி’, ‘இதுதான் கடைசி’. மூன்றுக்கும் வியாழக்கிழமைத் தேதிதான்.

“கடவுளே!” என்றார் அவர். பிறகு ‘இதுதான் கடைசி’யைத் திறந்து, கன்ட்ரோலரைப் பேராசிரியரிடம் கொடுத்தார்.

தபால்காரன் ஓடினான், தாவினான், பள்ளத்தில் விழுந்தான்.

மற்ற இரண்டையும் திறந்தார்கள். இரண்டிலும் விழுந்தான். மேனேஜர் கையிலிருந்த ஃபைல் மெல்லக் கீழே இறங்கியது.

“இதை யாரும் கெடுக்கல சார்” என்றார் பொறுப்பாளர். “தாவும் வேகத்துக்கு கேம் முழுக்க ஒரே எண்தான். அஞ்சாவது அறையில தலை இடிக்குதேன்னு இந்தப் பொண்ணு போன செவ்வாய்க்கிழமை அதைக் குறைச்சிருக்கு. அந்த நிமிஷத்துலேர்ந்து முதல் பள்ளத்தை யாராலயும் தாண்ட முடியாது. இவளுக்கு ஏன் தெரியல? எந்த அறையில வேலையோ அங்கேர்ந்துதான் ஆடுவா. எல்லாப் பசங்களும் அப்படித்தான். சொந்த கேமை முதல்லேர்ந்து ஒருத்தனும் ஆட மாட்டான். நானும் வருஷா வருஷம் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“அப்போ வெள்ளிக்கிழமை ஆடின பத்துப் பேர்?”

“வெள்ளிக்கிழமை யாரும் ஆடல. தாண்டவே முடியாத பள்ளத்தைப் பத்துப் பேர் முதல் முயற்சியிலேயே தாண்டினாங்கன்னா, தாள் மட்டும்தான் ஆடியிருக்கு. எனக்கு முதல்லயே உறுத்துச்சு சார். பத்துப் பேர்ல ஒருத்தர்கூட எதையும் திட்டல. நிஜமா ஆடினவன் பொத்தானைத் திட்டுவான், பாட்டைத் திட்டுவான், ஒண்ணுமில்லாட்டி நாற்காலியையாவது திட்டுவான். ‘மிகவும் ரசித்தேன்’னு எவனும் எழுதினதில்ல.” அவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். “இன்னைக்குப் பொம்மை விழுந்ததும் தாள் பொய்னு தெரிஞ்சுடும்னு பயந்த. அதனால வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்தான் கெட்டுப்போச்சுன்னு ஆக்கணும். அதுக்கு ஒரு ஆள் வேணும். தூங்கறவன் வசதியா மாட்டினான்.”

மேனேஜர் ஃபைலை மறுபடி மார்போடு அணைத்துக்கொண்டான். “பத்துப் பேரைக் கெஞ்சிக் கூப்பிட்டேன் மேடம். ஒருத்தரும் வரல. நல்லாத்தானே இருக்கு, எல்லாரும் தாண்டிடுவாங்கன்னு நானே...”

“நீயாவது ஒரு தடவை ஆடிப் பார்த்திருக்கலாமே!” என்று பேராசிரியர் கத்திய கத்தலில் பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். டீனுக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக இன்னொன்றை எழுத ஆரம்பித்தார். அதில் பெயர் வேறு. கேமைச் சரிசெய்ய அக்காவுக்கு நான்கு மணி வரை நேரம் கொடுத்தார்.

பொறுப்பாளர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். “கூரையை உயர்த்து, தாவற காலைக் குறைக்காதே” என்று சொல்லிவிட்டு ஜாம் பொத்தான்களைப் பார்க்கப் போய்விட்டார்.

பகல் 2.30.

எண் மறுபடி 12 ஆனது. கூரை உயர்ந்தது. அக்கா காலியான ஒரு சோதனைத் தாளை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனாள். கன்ட்ரோலரைத் தம்பி முன்னால் நீட்டினாள். மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தெரியாது. அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

“முதல்லேர்ந்து ஆடு” என்றாள்.

அவன் வாங்கிக்கொண்டான். முதல் முயற்சியில் பள்ளத்தில் விழுந்தான். எந்தப் பொத்தான் என்று சொல்ல அவளுக்கு வாய் துடித்தது. சோதனை அறைச் சுவரில் ஒட்டியிருந்த விதி ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது முயற்சியில் தாண்டினான். ‘முதல் பள்ளம்: 2’ என்று எழுதினாள். ஐந்தாவது அறையில் பாட்டைத் திட்டினான். அதையும் எழுதினாள். ஆறாவது அறையில் தபால்காரன் கடிதத்தைக் கொடுத்தான்.

“கருத்து?” என்று கேட்டாள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அக்கா என்னை நம்பல” என்றான் அவன். “எழுதிக்கோ.”

அவள் தாளை மேசைமேல் வைத்துக் குனிந்தாள். பிறகு அவன் சொன்னதை ஒரு எழுத்துகூட மாற்றாமல் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, நான்கு மணிக்கு அந்தத் தாளையும் சேர்த்தே பேராசிரியரிடம் கொடுத்தாள்.