பதினொரு மணிக்கு எடுக்கிறவர்

"ஒரு மனுசனைக் கண்டுபிடிச்சுத் தரவேணும் அண்ணை. பேர் தெரியாது, முகம் தெரியாது. உயிரோடை இருக்கிறாரோ எண்டும் தெரியாது."

வந்து இருந்த கையோடு மரியரஞ்சனி சொன்னது இதுதான். 2004ஆம் ஆண்டு மாசி மாதம், சனிக்கிழமை பின்னேரம், ஒஸ்லோ நகரத்துப் பியோர்ண்டாலில் ஓர் அடுக்குமாடியின் ஐந்தாம் தளம். ஐரோப்பாவின் தமிழ் வீடுகள் இரவுதோறும் தொலைக்காட்சியில் பார்த்த முகம் அது. திரையில் சிரிக்கும் அந்த முகம் நித்திரை கண்டு பல நாளானது போலிருந்தது.

வீட்டுக்காரர் இந்திரகுமார், காப்புறுதிக் கம்பனியொன்றில் பொய் மனுக்களை மோப்பம் பிடிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யார் வீட்டில் எது தொலைந்தாலும் சனம் இவரிடம்தான் வந்தது. மனைவி காலமானபின் அந்த வீட்டுக்கு ஆட்கள் வந்ததே அதனால்தான்.

தவறாமல் வரும் இன்னொருவன் யோகராசா. இரண்டாம் தளத்தில் தனியாக இருக்கும் ட்ராம் ஓட்டுநர். துப்பு என்றால் அவனுக்குச் சர்க்கரைப் பொங்கல். வந்தவர் கதையை முடிக்குமுன் கள்ளனைப் பிடித்துக் கொடுத்துவிடுவான். பிடித்தது ஒருநாளும் சரியாயிருந்ததில்லை. மனைவியும் மகளும் வருகிற கோடைக்குக் கனடாவிலிருந்து வந்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு கோடைக்கும் சொல்வான். அன்று குசினியிலிருந்து தட்டோடு வந்தவன், மரியரஞ்சனிக்கு வெறுந்தேத்தண்ணியும் இந்திரகுமாருக்குப் பால்தேத்தண்ணியும் வைத்துவிட்டு யன்னலோரம் போய் நின்றான்.

"நல்லதாப் போச்சு, பால் எனக்கு ஒத்துவராது," என்று கோப்பையை எடுத்தார் மரியரஞ்சனி. பிறகு சொன்னார்: "எங்கடை சானலுக்குப் போட்டியா லண்டனிலை ஒண்டு தொடங்கியிருக்கினம். அவை இரவு பதினொரு மணிக்குச் சனத்தைச் சிரிப்பிக்க ஒரு பகிடிக்காரனை விட்டினம். எங்கடை நிர்வாகம் பயந்துபோய், சனம் போன் எடுத்துக் கதைக்கிற என்ரை நேரத்தைச் சயூரன் எண்ட பொடியனுக்குக் குடுத்திட்டுது. வாற மாசத்திலையிருந்து நான் காலமை பத்து மணிக்கு. அந்த நேரம் ஆர் வீட்டிலை இருக்கினம்? சரி, அது என்ரை பாடு. ஆனால் அந்த மனுசன்..."

"எந்த மனுசன்?"

"வடக்குக் கோடியிலை, பாட்ஸ்பியோர்டிலை மீன் பக்டரியிலை வேலை எண்டு சொல்லுவார். நம்பர் விழாது. காதுக்குள்ளை ஓதுறமாதிரி மெதுவாக் கதைப்பார். ஒரு கிழமை ஒவ்வொரு நாளும் எடுப்பார், அடுத்த கிழமை இல்லை, பிறகு எடுப்பார். நிகழ்ச்சி முடிஞ்சபிறகும் லைனிலை நிப்பார். நானும் வைக்கமாட்டன். எனக்கு மட்டும் வீட்டை போனால் ஆரிருக்கினம்? நேரம் மாறுது எண்டு அறிவிச்ச அண்டைக்கு, 'இனிப் பதினொரு மணிக்கு நான் எங்கை போறது?' எண்டு கேட்டார். அதுக்குப் பிறகு சத்தமில்லை. தன்னை ஏதும் செய்துபோட்டாரோ எண்டு பயமாக் கிடக்கு. பொலிசிலை பேர் இல்லாமல் தேடேலாது எண்டினம்."

"அவர் சொன்னதிலை உங்கடை மனதிலை நிக்கிறது என்ன?"

மரியரஞ்சனி யோசித்தார். "மார்கழியிலை ஒருநாள், 'இண்டைக்கு மத்தியானம் வெயில் நேரே கண்ணிலை குத்திச்சுது, வெயிலாவது என்ரை முகத்தைப் பாத்துதே' எண்டார். இன்னொரு நாள், 'விடிஞ்சால் பொழுதுபட்டால் முதுகுக்குப் பின்னாலை சனம், ஒருத்தரும் என்னோடை கதைக்கிறேல்லை' எண்டு சொன்னார். அண்டைக்கு நான் அழுதிட்டன்."

அவர் போய்க் கதவு சாத்தியதும், அதுவரை வாய் திறவாமல் நின்ற யோகராசா மடை திறந்தான். "அண்ணை, இது சயூரன்ரை வேலை! அவவைக் குழப்பிறதுக்கு ஆளை வைச்சு எடுப்பிச்சிருக்கிறான். இல்லாட்டி நான் லீவு போட்டுப் பாட்ஸ்பியோர்டுக்குப் போய் விசாரிச்சுக்கொண்டு வரட்டே?"

"நீ அந்த நிகழ்ச்சி பாக்கிறனியோ?"

"எனக்கெங்கை அண்ணை நேரம்? வீட்டிலை டிஷ்சே இல்லை."

அடுத்த நாள் இந்திரகுமார் இரண்டு இடங்களுக்குத் தொலைபேசி எடுத்தார். முதலாவது, பாட்ஸ்பியோர்டில் பழைய ஆளான சூசைரட்ணத்துக்கு.

"மார்கழியிலை வெயிலோ?" சூசைரட்ணம் விழுந்து விழுந்து சிரித்தார். "கார்த்திகைக் கடைசியிலை போற சூரியன் தையிலைதான் எட்டிப்பாக்கும். பக்டரியிலை பேச்சுத்துணைக்கோ குறை? தோளோடை தோள் இடிச்சு நிண்டு மீன் வெட்டுறம், கத்தியைவிட வாய்தான் கெதியா ஓடும். இஞ்சை ஒருத்தரும் காணாமல் போகவுமில்லை."

இரண்டாவது மரியரஞ்சனிக்கு. "பால் ஒத்துவராது எண்டு எப்பவாவது நிகழ்ச்சியிலை சொன்னனீங்களோ?"

விசித்திரமான கேள்விதான். "இல்லையே அண்ணை. அவரிட்டை மட்டும் சொன்னனான், நிகழ்ச்சி முடிஞ்சு லைனிலை நிக்கேக்கை. ஏன்?"

"பிறகு சொல்லுறன்," என்று வைத்துவிட்டார் இந்திரகுமார். எத்தனையோ பொய்களைப் பிடித்தவர். இதை மட்டும் பிடிக்காமலே இருந்திருக்கலாம் போலிருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் நகரத்தில் ட்ராம் ஏறி, ஓட்டுநரின் அடைத்த கதவுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். பனிச் சப்பாத்தோடு சனம் ஏறியது, இறங்கியது. கண்ணாடிக்கு அப்பால் தெரிந்த முதுகை ஒருவரும் பார்க்கவில்லை. கடைசித் தரிப்பான லியாப்ருவில் எல்லோரும் இறங்கிப்போக, அவர் மட்டும் இருந்தார். யோகராசா கதவைத் திறந்துகொண்டு வந்தான்.

"அண்ணை! நீங்கள் என்ன இஞ்சை? ஆள் ஆரெண்டு பிடிபட்டுதோ?"

"இரு, யோகு. அவர் பாட்ஸ்பியோர்டிலை இல்லை. மார்கழியிலை அங்கை வெயில் இல்லை. இடத்தைப் பற்றிப் பொய் சொன்ன மனுசன், மனம் திறந்து கதைக்கேக்கை இடத்தை மறந்துபோனார். மீன் வெட்டுறவனுக்குப் பக்கத்திலைதான் சனம். நாள் முழுக்க முதுகுக்குப் பின்னாலை சனம் இருந்தும் கதைக்க ஆளில்லாதவன் ஆர்? கதவை அடைச்சுக்கொண்டு வண்டி ஓட்டுறவன். பனிக்காலத்திலை பணிஞ்சு வாற வெயில் அவன்ரை கண்ணிலைதான் குத்தும். காலமை ஷிப்ட் கிழமையிலை இரவு பதினொரு மணிக்கு வீட்டிலை இருப்பான், எடுப்பான். பின்னேர ஷிப்ட் கிழமையிலை அந்த நேரம் ஓடிக்கொண்டிருப்பான்."

யோகராசா கையுறையைக் கழற்றினான், மறுபடி போட்டான். "ஒஸ்லோவிலை எத்தினை பேர் வண்டி ஓட்டுறாங்கள், அண்ணை."

"ஓம். ஆனால் பால் இருக்க, கேளாமலே விருந்தாளிக்கு வெறுந்தேத்தண்ணி வைக்கிற யாழ்ப்பாணத்தான் எத்தினை பேர்? எனக்கு மறக்காமல் பால் விட்டனி. பால் அவவுக்கு ஒத்துவராது எண்டு ஒருத்தருக்குத்தான் தெரியும். அதோடை, நித்திரையிலையும் கதைக்கிற நீ அவ இருக்கும் மட்டும் வாயே திறக்கேல்லை."

அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான்.

"குரலை அறிஞ்சிடுவா எண்டு பயந்தனான்," என்றான் யோகராசா. "மனுசி கனடாவிலை வேறை கலியாணம் கட்டியிட்டாள் அண்ணை. ஒருத்தரும் வரமாட்டினம். எல்லாருக்கும் வருவினம் எண்டு சொல்லிப்போட்டன். ஆருக்கேன் ஒருத்தருக்கு உண்மையைச் சொல்லவேணும் போலை கிடந்தது. ஒஸ்லோ எண்டால் ஆள் ஆரெண்டு பிடிச்சிடுவினம், அதுதான் பாட்ஸ்பியோர்ட் எண்டனான்."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே, யோகு?"

"நீங்கள் பொய்யைப் பிடிக்கிற ஆள். பிடிபட்டால் உங்கடை வீட்டுக்கும் வரேலாமல் போயிடும். பிறகு எனக்கு எந்த வீடு கிடக்கு?"

இந்திரகுமார் கிட்ட நகர்ந்தார். அவனுடைய தோளில் கையை வைத்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக வைத்தார்.

"நீ உயிரோடை இருக்கிறாய் எண்டு மட்டும் அவவுக்குச் சொல்லுறன். பேரை நீதான் சொல்லவேணும். காலமை பத்து மணிக்கு அவவுக்கு ஒருத்தரும் எடுக்கப்போறேல்லை, தெரியுமோ? பின்னேர ஷிப்ட் கிழமையிலை நீ அந்த நேரம் வீட்டிலைதானே?"

வண்டி புறப்படும் நேரமாகிவிட்டது. யோகராசா எழும்பி உள்ளே போய்க் கதவை அடைத்தான்.

பங்குனியின் முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இந்திரகுமார் தொலைக்காட்சியைப் போட்டார். மரியரஞ்சனி வணக்கம் சொன்னார், காலநிலை சொன்னார், ஒரு பாட்டுப் போட்டார், இன்னொரு பாட்டும் போட்டார். தொலைபேசி அடிக்கவேயில்லை. அந்தச் சிரிப்பு உதட்டில் காய்ந்துகொண்டு வந்தது. இந்திரகுமார் தானே எடுப்போமா என்று எழும்பியபோது, திரையில் மணி அடித்தது.

"வணக்கம்! ஆர், எங்கையிருந்து கதைக்கிறீங்கள்?"

ஓதுகிற குரலில் அல்ல, மாடிப்படியெல்லாம் கேட்கிற அந்த வாயாடிக் குரலில் பதில் வந்தது.

"ஒஸ்லோ, பியோர்ண்டாலிலையிருந்து கதைக்கிறன். என்ரை பேர் யோகராசா. முந்திப் பதினொரு மணிக்கு எடுக்கிறனான்."

மரியரஞ்சனி ஒரு கணம் கமெராவை மறந்து தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லுங்கோ, யோகராசா," என்றார். "பத்து மணிதானே. நிறைய நேரம் கிடக்கு."