கறுப்புப் பல் அம்மா

ஒயிதோவின் அம்மா தட்டம்மையில் இறந்து பத்து நாள் ஆகிவிட்டது. தங்கை ஒமியாவுக்கு நான்கு வயதுதான். அம்மா வந்து ஊட்டினால்தான் கஞ்சி குடிப்பேன் என்று அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். முதல் வாரம் ஓரிரு வாயாவது குடித்தாள்; இப்போது மூன்று நாளாக வெறும் தண்ணீர்தான். கை கால் குச்சியாகிவிட்டது.

அப்பா விடிந்ததும் மரம் அறுக்கப் போய்விடுவார். பத்து வயது ஒயிதோவுக்குப் பயமாக இருந்தது. அம்மா போன வழியில் இவளும் போய்விட்டால்?

அன்று காலை அடுத்த வீட்டு ஒதாகி அத்தை ஓர் அச்சுப் படத்தோடு ஓடிவந்தார்.

"இங்க பாருடி! வசந்தத்துல ஓவியர் ஒருத்தர் நம்ம கிணத்தடியில உக்காந்து உங்கம்மாவ வரைஞ்சாரே, அது கடைக்கு வந்துருச்சு!"

படத்தில் ஒரு பெண் துணி துவைப்பதற்காக அங்கியின் தொங்கும் கைப்பகுதிகளைக் கயிற்றால் தூக்கிக் கட்டுகிறாள். சிவப்புக் கயிற்றின் நுனியைப் பல்லால் கடித்திருக்கிறாள். அம்மா அப்படித்தான் கட்டுவாள்.

"ஒமியா, யாரு பாரு!"

"யாரோ ஒரு அக்கா. பல்லு வெள்ளையா இருக்கு. அம்மாவுக்குக் கறுப்பு."

சரிதானே? அந்த ஊரில் கல்யாணமான எந்தப் பெண் பல்லுக்குக் கறுப்பு மை தீட்டாமல் இருப்பாள்? இளம்பெண் படம் என்றால் நன்றாக விற்குமாம். அதற்காக அம்மாவையே மாற்றிவிட்டார் அந்த மனிதர். ஒயிதோவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பரணில் அம்மாவின் பல் மைச் சட்டி அப்படியே இருந்தது. துரு இரும்பு ஊறிய புளித்த தண்ணீர். ஒயிதோ அதை இறக்கி மூடியைத் திறந்ததும் நாற்றம் வீடெங்கும் பரவியது.

"ஐயோ, புதுப் படம் பாழாயிடும்டி!" என்றார் அத்தை.

"ஏற்கனவே பாழாத்தான் அத்தை இருக்கு."

ஒயிதோ அம்மாவின் தூரிகையை நனைத்து, ஒவ்வொரு பல்லாகத் தீட்டினாள். ஒரு சொட்டு படத்தின் முகவாயில் விழுந்தது.

"அம்மாவுக்கு மச்சம் கெடயாது," என்றாள் ஒமியா. எப்போது பக்கத்தில் வந்தாளோ! மூக்கைச் சுளித்தபடி குனிந்து படத்தை முகர்ந்தாள்.

"அம்மா நாத்தம்."

பல் தீட்டிய வாயோடுதான் அம்மா அவளைக் காலையில் எழுப்புவாள்.

"அக்கா, அம்மா இனிமே வரமாட்டாளா?"

பொய் சொல்லலாமா என்று ஒயிதோ ஒரு நிமிடம் யோசித்தாள்.

"வரமாட்டாடி."

பத்து நாளில் முதல் முறையாக ஒமியா அழுதாள். ஒயிதோ அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். அத்தை சத்தமில்லாமல் அடுப்பில் கஞ்சியைச் சூடாக்கினார்.

அழுது ஓய்ந்ததும் ஒமியா படத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீயே ஊட்டு அக்கா," என்று வாயைத் திறந்தாள்.