ஏங்காத மீன்

தங்கமீனுக்கு எழுபத்தொன்று வந்தது. மீன்கடை பிச்சையா அண்ணாச்சி உதட்டைப் பிதுக்கிவிட்டு அதை வலையில் அள்ளிப் பெரிய தொட்டிக்கே திருப்பி அனுப்பினார்.

"சொன்னேம்லா. இம்புட்டுச் சின்னத் தொட்டியில தங்கமீனு தரிக்காதும்மா. அது முழ நீளத்துக்கு வளருத சாதி. கண்ணாடிய முட்டி முட்டியே ஏங்கிப்போயிரும்."

மேசைமேல் இருந்த மாதிரித் தொட்டியை மெற்றில்டா பார்த்தாள். அவள் வீட்டில் இருக்கும் தொட்டிக்கு அதே அளவு, ஒரு குடம் தண்ணீர் பிடித்தால் அதிகம். அதன் பக்கவாட்டில் சாந்துப்பொட்டு அளவில் ஏக்கமானி ஒட்டியிருந்தது. மீனின் நரம்புகள் தண்ணீரில் கிளப்பும் மின்னதிர்வைப் படித்து, அந்த உயிர் எவ்வளவு ஏங்குகிறது என்று நூறுக்கு இத்தனை எனச் சொல்லிவிடும். எதற்காக என்று மட்டும் சொல்லாது. ஐம்பதைத் தாண்டி ஏங்கும் எதையும் வீட்டில் அடைத்து வைக்கக்கூடாது என்று சட்டம் வந்ததிலிருந்து, தூத்துக்குடியில் ஒரு மீன் வாங்குவது பெண் பார்ப்பதைவிடப் பெரும்பாடாகிவிட்டது.

கப்பி மீனை விட்டுப் பார்த்தார்கள். அறுபது. "கூட்டத்தோட திரியுதது, ஒத்தையா விட்டா அது தாங்காது. கூட்டமா விட்டா தொட்டி தாங்காது" என்றார் அண்ணாச்சி. ஏஞ்சல் மீனுக்கு ஆழம் போதவில்லை. கடைசியில் ஒரு கண்ணாடிப் புட்டியிலிருந்து கருநீல ஃபைட்டர் மீன் ஒன்றைத் தொட்டிக்குள் சரித்தார். அது ஒரு சுற்று வந்தது. மேலேறி ஒரு வாய்க் காற்றை விழுங்கியது. பிறகு இலைக்கு அடியில் போய், உங்களோடு எனக்கென்ன பேச்சு என்பதுபோல நின்றுகொண்டது. எண் சரசரவென்று இறங்கி நாலில் நின்றது.

"உங்க தொட்டிக்கு இதான் மீனு. தனியா இருக்கத்தான் இதுக்குப் பிடிக்கும்."

"ஆளப் பார்த்தா கிட்ட வருமா அண்ணாச்சி?"

"கிட்ட வரணும்னு ஆசைப்படாதியம்மா. கிட்ட வாரது ஏங்கும். ஏங்கிச்சுன்னா பிராணிகள் வாரியத்துக்காரன் வந்து பிடிச்சிட்டுப் போயி பெரிய குளத்துல விட்டுருவான். நாலுதான் நல்லது."

நாலுதான் நல்லது என்பது மெற்றில்டாவுக்குப் புதிய பாடமில்லை. அவள் புருசனுக்கும் நாலுதான்.

ஜெரோம் ஆறு வருடமாக ஆழ்நிலையத்தில் இருந்தான். கடலடியில் உலோக உருண்டைகளைப் பொறுக்கும் எந்திரங்களை மேய்ப்பது வேலை. இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் தட்டுப்படுகிற அறையில் வாசம். அவ்வளவு ஆழத்தில் ஒருவன் வீட்டு நினைப்பில் ஒரு திருகாணியைத் தப்பாகத் திருகினால் எல்லோர் கதையும் முடிந்துவிடும். ஆகவே அங்கே ஒவ்வொருவன் காதுக்குப் பின்னாலும் ஓர் ஏக்கமானி உண்டு. எண் ஐம்பதைத் தொட்டால் மேலே ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படி வந்து சேர்ந்தவனுக்கு ஊர் வைத்த பெயர் 'ஏங்கி'. எதிர்வீட்டு டெல்பினின் புருசன் ஒரு வருடம்கூட முடியாமல் திரும்பி வந்தபோது, பொண்டாட்டி முந்தானையை விட்டு இருக்க முடியவில்லையாக்கும் என்று அடுக்ககத்தில் மாடிக்கு மாடி சிரித்தார்கள். மெற்றில்டாவும் நன்றாகத்தான் சிரித்தாள்.

"எனக்கு அந்தப் பேர மட்டும் வாங்கிக் குடுத்துராத மெற்றி" என்று சொல்லிவிட்டுத்தான் ஜெரோம் இறங்கினான்.

புருசன்மார் ஏங்காமல் இருக்கப் பெண்டாட்டிமாருக்கு நிறுவனம் வகுப்பு எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் உங்கள் முகத்தைக் காட்டாதீர்கள், குரல் போதும். அடுப்படிச் சத்தம் கேட்கக்கூடாது. எப்போது வருவீர்கள் என்று கேட்கக்கூடாது. முக்கியமாக, சாப்பிட்டீர்களா என்ற கேள்வி வாயிலேயே வரக்கூடாது, வேறு எந்தப் பேச்சுக்கும் எண் அப்படி எகிறுவதில்லை. அட, சாப்பாட்டை விசாரிக்காமல் ஒரு மனுசி எப்படிப் பேச்சைத் தொடங்குவது? முதல் சில வாரம் மெற்றில்டா நாக்கைக் கடித்துக்கொண்டுதான் பேசினாள். ஒரு நாள் வாய் தவறிக் கேட்டுவிட்டாள். அழைப்புத் திரையின் மூலையில் ஜெரோமின் எண் நாற்பத்தேழுக்குப் போய்த் தள்ளாடியதைப் பார்த்து அவளுக்கு உயிரே போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தத் தப்பு நடக்கவில்லை. தண்ணீர் வருகிறது, லிஃப்ட் ஓடுகிறது, எல்லோரும் சுகம், வைக்கட்டுமா. வாரத்துக்கு வாரம் எண் இறங்கியது. இந்த வருடம் நிறுவனம் விழா எடுத்து, சிறந்த குடும்பத் துணை என்று அவளுக்கு மாலை போட்டுப் பரிசு கொடுத்தது. அந்தப் பரிசுதான் இந்தக் கண்ணாடித் தொட்டி.

ஃபைட்டர் முதல் சில நாள் அண்ணாச்சி சொன்னபடியே இருந்தது. தீனியைப் போட்டால் தின்றது, இலைக்கடியில் நின்றது. மெற்றில்டா பாட்டுக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு வேலைக்குப் போனாள், வந்தாள். ஆனால் பேச ஆளில்லாத வீட்டில் ஓர் உயிர் இருந்தால் வாய் சும்மா இருக்குமா? செருப்பைக் கழற்றும்போதே, "என்னல, சாப்பிட்டியால?" என்று தொட்டியைப் பார்த்துக் கேட்பாள். இத்தனை வருடம் அடக்கி வைத்திருந்த கேள்வியெல்லாம் அந்த ஒரு மீனுக்குக் கிடைத்தது. மேற்பார்வையாளன் திட்டியது, முட்டி வலிப்பது, நண்டுக்குழம்பு அடிப்பிடித்தது எல்லாவற்றையும் அதனிடம் சொன்னாள்.

ஒரு சாயங்காலம் அவள் கதவைத் திறந்ததும் அது இலையை விட்டு விருட்டென்று வந்து கண்ணாடியில் மூக்கை வைத்தது. துடுப்பெல்லாம் விரித்து ஆடியது. அவள் இடப்பக்கம் போனால் இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் போனால் வலப்பக்கம் வந்தது. மெற்றில்டா பையைக்கூடக் கீழே வைக்காமல் சின்னப்பிள்ளை மாதிரி முன்னும் பின்னும் நடந்து பார்த்தாள்.

மறுநாள் வேலைக்கு நடுவில், வீட்டுத் தொட்டியின் ஏக்கமானி காட்டும் எண்ணைச் செல்பேசியில் பார்த்தாள். முப்பது. வீட்டுக்குப் போனதும் ஐந்துக்கு இறங்கிவிட்டது. அடுத்த நாளும் அதே கதை. அவள் இல்லாதபோது ஏறுகிறது, வந்ததும் இறங்குகிறது. எதற்காக ஏங்குகிறது என்று ஏக்கமானி சொல்லாவிட்டால் என்ன, அவளுக்குத் தெரியாதா? பேருந்து நிறுத்தத்தில் நின்று அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். இந்த உலகத்தில் ஓர் உயிர் தன்னைத் தேடுகிறது என்ற நினைப்பு அவளுக்கு அவ்வளவு இனித்தது.

நாள் போகப் போக எண் ஏறி, நாற்பத்தாறில் வாரியத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. ஐம்பதைத் தாண்டினால் மீனை எடுத்துக்கொள்வார்கள்.

இழக்க அவளுக்கு மனமில்லை. ஏக்கத்தை இறக்குவது எப்படி என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? பாராட்டும் பரிசும் வாங்கிய கை அல்லவா. தொட்டியின் முன்பக்கத்தில் ஒரு துண்டைத் தொங்கவிட்டாள். தீனியை எந்திரம் போட்டது. வீட்டுக்குள் காலடிச் சத்தம் கேட்காமல் நடந்தாள். விசாரிப்பு கிடையாது, பேச்சு கிடையாது. முதல் நாள் துண்டுக்குப் பின்னால் தண்ணீர் சலசலத்துக்கொண்டே இருந்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் சலசலப்பு குறைந்தது. எண் இருபதுக்கு வந்தது, பத்துக்கு வந்தது, நாலில் போய் நின்றது. வாரியத்திலிருந்து நன்றி சொல்லிச் செய்தி வந்தது.

அப்பாடா என்று அவள் துண்டை எடுத்தாள். "என்னல, சாப்பிட்டியால?"

மீன் இலைக்கடியில் நின்றது. கண்ணாடியை விரலால் தட்டினாள். இடப்பக்கம் போனாள், வலப்பக்கம் வந்தாள். அது ஒரு தரம் மேலேறிக் காற்றை விழுங்கிவிட்டுத் திரும்பி, பழைய இடத்திலேயே நின்றுகொண்டது. அதற்கு ஒரு குறையும் இருப்பதாகத் தெரியவில்லை.

மெற்றில்டா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எதிர்வீட்டில் டெல்பினும் அவள் புருசனும் குழம்பில் புளி தூக்கலா இல்லையா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். தினமும் எரிச்சலோடு கேட்கிற சத்தம்தான். இன்றைக்கு அதை ஒரு சொல் விடாமல் கேட்டாள். தன் கையால் தானே என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. ஏங்கினால்தான் அனுப்புவார்கள். ஏங்கவிடாமல் காத்தவள் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அழைப்பு வந்தபோது முதல் தடவையாகத் திரையில் முகத்தைக் காட்டினாள். தலை சீவி, பூ வைத்திருந்தாள். அடுப்பில் மீன் பொரிகிற சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று கதவைத் திறந்து போட்டிருந்தாள்.

"சாப்பிட்டியளா?" என்று கேட்டாள்.

"ஆச்சு" என்றான் ஜெரோம். முகம் கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. மூலையில் எண் நாலு.

"வஞ்சிரம் பொரிக்கேன். உங்களுக்குப் பிடிச்ச மாதிரி மிளகு போட்டு. ஒத்தையில திங்கப் பிடிக்கல. ராத்திரி உங்க தலகாணியத்தான் கட்டிக்கிட்டுப் படுக்கேன். எனக்கு உங்களப் பாக்கணும் போல இருக்கு, கேட்டியளா? யாரு என்ன பேரு வச்சாலும் வைக்கட்டும். மேல வந்துருங்க."

அவள் கண் அவன் முகத்தில் இல்லை, எண்ணின் மேலேயே இருந்தது. நாலு ஆறாயிற்று. ஆறு மறுபடியும் நாலாயிற்று.

"உடம்புக்கு ஏதும் முடியலயா?" என்று அவன் தன்மையாகக் கேட்டான். "டாக்டரப் போயி பாரு மெற்றி. எனக்கு இங்க ஒரு கஷ்டமும் கிடையாது. அதச் சொல்லத்தான் நானும் காத்துக்கிட்டிருந்தேன். இன்னும் பத்து வருசத்துக்கு நீட்டிச்சிருக்காவ. இந்தச் சின்ன ரூமுக்கு என்னைய மாதிரி ஒருத்தன் அமையவே இல்லன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாவ."

அடுப்பில் மீன் கருகுகிற வாடை வந்தது.

"எல்லாம் உன்னாலதான்" என்றான் ஜெரோம், மனம் நிறைந்து. "வேற பொண்டாட்டியா இருந்தா என்னை எப்பவோ ஏங்க வச்சுக் கூப்பிட்டிருப்பா."