கரடிக்கு மட்டும் சொல்வது

இன்று கரடியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் தரணிகா கதைவாசலுக்குள் காலை வைத்தாள். கோவையில் குழந்தை உள்ள வீடுகளில் எல்லாம் இப்போது ஒரு கதைவாசல் உண்டு. நிலைக்கண்ணாடி அளவுக்கு ஒரு சட்டம். தாண்டினால் காடு, ஆறு, பேசும் மிருகங்கள். உள்ளே விழுந்தால் முட்டி சிராய்க்காது. அழுதால் மட்டும் நிஜக் கண்ணீர்தான் வரும்.

கரடியை உருவாக்கியவள் மாதங்கி என்ற கதைப்பொறியாளர். வீட்டில் அடி வாங்கும் குழந்தை மனிதர்களிடம் வாய் திறக்காது, கரடியிடம் திறக்கும் என்று நம்பினாள். அப்படியே நடந்தது. முதல் மாதமே பிள்ளைகள் கொட்டித் தீர்த்தார்கள். கரடி கேட்டதெல்லாம் நேராகக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனது.

பெற்றோருக்குப் பொறுக்குமா? கதைவாசல் செய்யும் நிறுவனத்தின் முன் திரண்டுவிட்டார்கள்.

"பெத்தவங்களுக்குத் தெரியாம புள்ளைக்கு என்னங்க ரகசியம்?"

கை நீட்டாதவர்களும் சேர்ந்து அதையேதான் கேட்டார்கள். அதுதான் கொடுமை. நம் ஊரில் இந்தக் கேள்வியை எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்? நிறுவனம் அலுவலகத்துக்குப் போன வழியை அடைத்துவிட்டு, 'பெற்றோர் வேடம்' என்று ஒரு வசதியைக் கொடுத்தது. தாயோ தகப்பனோ எந்த மிருகத்தின் உடம்புக்குள்ளும் புகுந்து பிள்ளையோடு விளையாடலாம். பிள்ளையிடம் சொல்லத் தேவையில்லை. மாதங்கி கத்திப் பார்த்தாள்.

"நீங்களும் ஒரு குழந்தையப் பெத்துப் பாருங்க மேடம், அப்பப் புரியும்" என்று மேலாளர் சிரித்தார்.

ஆற்றங்கரையில் கரடி உட்கார்ந்திருந்தது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்ல மாட்டியே?" என்றாள் தரணிகா.

"சொல்லு கண்ணு."

"எங்கப்பா..." முதுகைக் காட்டத் திரும்பினாள்.

பின்னால் சடக்கென்று ஒரு சத்தம். கரடி ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொடக்கு எடுத்துக்கொண்டிருந்தது. பெல்ட்டைக் கையில் எடுக்கும் முன் அப்பா அப்படித்தான் செய்வார்.

தரணிகாவுக்கு எட்டு வயதுதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவள் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரி. சட்டென்று திரும்பிக் கரடியைக் கட்டிக்கொண்டாள்.

"எங்கப்பா தங்கம். என்னைத் திட்டக்கூட மாட்டார்."

கரடி அவள் தலையைத் தடவிக் கொடுத்தது.

மறுநாளும் உள்ளே போனாள். போகாவிட்டால் ஏன் என்று அப்பா கேட்பாரே. அணிலிடமும் மீனிடமும் அதையேதான் சொன்னாள். யாருக்குள் யார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மற்ற வீட்டுப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக இதைக் கற்றுக்கொண்டார்கள். அழுகை நின்றது.

ஆண்டு விழாவில் நிறுவனம் அதைத்தான் கொண்டாடியது. மேடைத் திரையில் தரணிகாவின் குரலைப் போட்டார்கள்: "எங்கப்பா தங்கம்." அரங்கமே எழுந்து நின்றது. கடைசி வரிசையில் மாதங்கி மட்டும் உட்கார்ந்தபடி முகத்தைப் பொத்திக்கொண்டாள். முன்வரிசையில் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பக்கத்தில் தரணிகாவும் கை தட்டினாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.