தோளில் ஏறாத துப்பாக்கி

மான் வேட்டை தொடங்க ஐந்து நாள் இருக்கும்போது துப்பாக்கிக் கடைக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. வாங்க வருகிறவர்கள் ஒரு வகை. வாங்குவதுபோல் வந்து கதை பேசிவிட்டுப் போகிறவர்கள் இன்னொரு வகை. பக்கத்துக் கடையில் முடி வெட்டும் கிளைட் இரண்டாவது வகை. துப்பறியும் பத்திரிகைகளை ஒன்று விடாமல் படிப்பவன். மிச்சிகனின் அந்த வடகோடி ஊரில் ஒரு கோழி காணாமல் போனாலும் அவனுக்கு மூன்று பேர்மேல் சந்தேகம் வந்துவிடும். கடைக்காரர் சூலோ பெல்டோலா அதற்கு நேர்மாறு. கேட்ட கேள்விக்கே பாதி பதில்தான் சொல்வார்.

அன்று காலை ஐரீன் தன் அப்பா உர்ஹோ லாம்பியைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"சூலோ, அப்பாவுக்கு ஒரு துப்பாக்கி வேணும். தொலைஞ்சது மாதிரியே வேணும்."

"எனக்கு எதுவும் வேணாம்," என்றார் உர்ஹோ. நாற்பது வருடம் ஒரே துப்பாக்கியோடு காட்டுக்குப் போனவர் அவர்.

சூலோ இரண்டு துப்பாக்கிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். முதலாவது பழைய லீவர் துப்பாக்கி. விரல் வளையத்தைத் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிவிடும். "உன்னுதுக்குக் கூடப்பிறந்தது மாதிரி இருக்கும், உர்ஹோ. அதே வருஷம், அதே குழல், அதே எடை."

உர்ஹோ அதைக் கையில் வாங்கினார். லீவரைத் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று விரலால் தடவிப் பார்த்து மூடினார். மேசைமேலேயே திரும்ப வைத்தார். "கனம் ஜாஸ்தி."

"இது தொலைநோக்கி வச்சது. புது மாதிரி," என்று இரண்டாவதை நீட்டினார் சூலோ.

"நம்ம காட்டுல நாப்பது தப்படிக்கு மேல எவனுக்கு என்ன தெரியும்? இதுல பார்த்தா மரப்பட்டைதான் தெரியும்." அதையும் வைத்துவிட்டு அவர் வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

கிளைட் சும்மா இருப்பானா? இரண்டையும் ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றி, சுவரில் இருந்த மான் தலையைக் குறி பார்த்தான். "எங்க இருக்கு கனம்? பஞ்சு மாதிரி இருக்கே!"

ஐரீனுக்குக் கண் கலங்கிவிட்டது. "துப்பாக்கி வந்தா சண்டை ஓயும்னு நெனச்சேன். அப்பா துப்பாக்கியை என் வீட்டுக்காரர் கார்டன் திருடிட்டாராம். வேட்டைக் குடில்ல பெரியவர் எமில் அப்படிச் சொல்றாரு. இன்னிக்குச் சாயங்காலம் கார்டன் சிகாகோ ரயில் ஏறுறாரு. போனா திரும்ப வர மாட்டாரு, சூலோ. அவரை எனக்குத் தெரியும்."

"மொதல்லேர்ந்து சொல்லு."

போன சனிக்கிழமை வேட்டைக் குடிலுக்கு எல்லோரும் விறகு வெட்டப் போயிருந்தார்கள். குடிலின் மூப்பன் எமில், இன்னும் இரண்டு பேர், உர்ஹோ, கார்டன். மதியம் காப்பி பிளாஸ்கை எடுக்கக் கார்டன் மட்டும் தனியாகக் குடிலுக்குத் திரும்பினான். இருட்டும்போது பார்த்தால் சுவர் ஆணியில் எப்போதும் தொங்கும் உர்ஹோவின் துப்பாக்கி இல்லை.

"எமிலோட துப்பாக்கி?" என்றார் சூலோ.

"பக்கத்து ஆணியிலேயே இருக்கு. போன மாசம் வாங்கின புத்தம் புதுசு."

"எங்கெல்லாம் தேடினாங்க?"

"எல்லார் படுக்கையையும் உதறினாங்க. கார்டன் பையைக் கவுத்தே கொட்டிட்டாங்க."

"உங்க அப்பா படுக்கையை?"

"அதை யாரு தொடுவா? அடுப்போரக் கட்டில். அதுல வேற ஆளு உக்காந்துகூடப் பார்த்ததில்லை. பறிகொடுத்தவரே அவருதானே!"

"மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் மனத்தாங்கல் ஏதாவது?"

"எமில் ஒண்ணு சொல்றாரு. போன வருஷம் அப்பா மொதமொதலா குறி தவறினாரு. வழக்கம் தெரியுமே, தவறினவன் சட்டை வாலை வெட்டிச் சுவத்துல அடிப்பாங்க. புது ஆளுங்கிறதால கார்டன்தான் கத்திரி பிடிச்சாரு. அதுலேர்ந்து அப்பா அவர்கிட்ட முகம் குடுத்துப் பேசுறதில்லை. அந்தக் கோவத்துக்குத்தான் இவர் எடுத்துட்டாருங்கிறாரு எமில்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அப்பா மானத்தைக் காப்பாத்தினவரே கார்டன்தான். அன்னிக்கு அவர்தான் சதுப்புக்குள்ள இறங்கி மானை அப்பா பக்கமா விரட்டினாரு. புதுப் பனி, ஒரு குளம்புத் தடம்கூட இல்லையாம். 'உங்க அப்பா மானைச் சுட்டாரா, பேயைச் சுட்டாரா'ன்னு என்கிட்ட மட்டும் சிரிச்சாரு. வெளிய மூச்சு விடலை."

சூலோ மேசைமேல் இருந்த துப்பாக்கிகளை எடுத்து உள்ளே வைத்தார். பிறகு கதவில் 'மூடியிருக்கிறது' பலகையை மாட்டினார்.

கார்டன் தன் கம்பளிகளை எடுக்கக் குடிலுக்குப் போயிருந்தான். ஐரீனின் காருக்குப் பின்னால் சூலோவின் வண்டி போயிற்று. அதில் சூலோவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்ட கிளைட்டுக்கு வாய் நிற்கவில்லை.

"எமில்தான், பந்தயம் கட்டுறேன். அந்தத் துப்பாக்கி மேல அவனுக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு."

"கண்ணு இருக்கிறவன் எடுத்து என்ன செய்வான்? அந்தக் காட்டுல அதைக் கையில வச்சிருந்தா அடையாளம் தெரியாத ஆளு யாரு?"

"அப்ப கார்டனா?"

"நீ என் கடைக்கு வந்து எத்தனை துப்பாக்கியைத் தோள்ல வச்சிருப்பே, கிளைட்?"

"எல்லாத்தையும்தான். வைக்காம யாராவது இருப்பாங்களா?"

"அதான்," என்றார் சூலோ. அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. கிளைட்டுக்கு அவரை வண்டியிலிருந்து தள்ளிவிடலாம் போலிருந்தது.

குடிலில் எமிலும் மற்ற இருவரும் மேசையில் பாஸ்டி என்கிற இறைச்சி அடைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார்கள். கார்டன் கோட்டு, தொப்பி சகிதம் வாசலோரம் நின்றான். யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை. உர்ஹோ நேராகத் தன் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

"கண்டுபிடிச்சாச்சா?" என்றார் எமில் ஏளனமாக. "பட்டணத்தான் பக்கத்துலதான் நிக்கிறான், பாரு."

சூலோ சொன்னார்: "திருடன் உன் புதுத் துப்பாக்கியை விட்டுட்டு நாப்பது வருஷப் பழசை எடுத்திருக்கான், எமில். எடுத்தவனுக்குத் துப்பாக்கி தேவையில்லை. அந்த ஒரு துப்பாக்கி ஆணியில இருக்கக்கூடாது, அவ்வளவுதான். பிளாஸ்க் எடுக்க வந்த கார்டன் அதைக் கையில எடுத்துக்கிட்டு உங்க எதிர்லயா வந்தான்? வெளிய போகலைன்னா உள்ளதான் இருக்கு. உள்ள நீங்க தேடாத எடம் ஒண்ணே ஒண்ணு."

எமிலின் பார்வை அடுப்போரம் போனது. "பைத்தியமா உனக்கு? தன் துப்பாக்கியைத் தானே எவனாவது திருடுவானா?"

"இன்னிக்குக் காலைல ஒருத்தர் ரெண்டு துப்பாக்கியைக் கையில வாங்கினாரு. ரெண்டையும் தோளுக்குக் கொண்டுபோகலை. கனம்னாரு. அதே எடையை நாப்பது வருஷம் சுமந்தவரு. தோள்ல வச்சா குறி பார்க்கணும். குறி பார்க்க அவருக்குப் பயம்." சூலோ குரலை இறக்கினார். "போன வருஷம் சதுப்புல புதுப் பனி, மான் தடமே இல்லை. ஆனா ஒரு வேட்டுச் சத்தம் கேட்டுச்சு. அங்க நடமாடினது ஒரே உருவம்தான். மிச்சத்தை நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவர் இங்க இருக்காரு."

கிளைட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயில் வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டான்.

உர்ஹோ எழுந்து மெத்தையின் ஓரத்தைத் தூக்கினார். எண்ணெய்த் துணியில் சுற்றிய நீளமான மூட்டை இருந்தது. அதை அவர் தொடவில்லை.

"ரெண்டு வருஷமாவே கண்ணு மங்கல். யார்கிட்டயும் சொல்லலை. புதருக்குள்ள ஏதோ அசைஞ்சுது, பழுப்பா... கொம்புன்னு நெனச்சேன். சுட்டப்புறம் தொப்பி தெரிஞ்சுது." அவர் கார்டனைப் பார்த்தார். "நான் சுட்டது மானை இல்லை. உன்னை."

ஐரீன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குறி தவறிடுச்சுன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சீங்க. இந்த வருஷமும் ஆணியில இருந்தா எடுக்கச் சொல்லுவீங்க. வேணாம்னா ஏன்னு கேப்பீங்க. தொலைஞ்சுதுன்னா கேள்வி இருக்காதுன்னு நெனச்சேன். அன்னிக்குக் காலைல எல்லாரும் வெளிய போனதும் மெத்தைக்கடியில வச்சுட்டேன். உன் தலையில பழி விழும்னு நெனைக்கலைப்பா. விழுந்தப்புறமும் வாயைத் திறக்கலை. அதுக்கு மன்னிப்புக் கேக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை."

எமில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். கார்டன் எதிரே போய் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அந்த மனிதர் தொப்பி கழற்றிக் கிளைட் பார்த்தது சவ அடக்கத்தில் மட்டும்தான்.

கார்டன் மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, ஒரு வருஷம் இதை மனசுல வச்சுக்கிட்டு எப்படித் தூங்கினீங்க?"

"தூங்கலை."

கார்டன் கோட்டைக் கழற்றினான். இதுவரை யாரும் உட்காராத அந்தக் கட்டிலில், மாமனாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.