ஐந்து பகா எண்களின் முகூர்த்தம்

"உங்க நாலு பேருக்கும் பதிவுக்கும் பொதுவா ஒரு நாள் இருக்கும்மா," என்றார் திருமணப் பதிவாளர் கனகசபை. "நகரம் தொடங்கினதுலேர்ந்து பத்து லட்சத்து அறுபத்திரண்டாயிரத்து முந்நூத்தி நாப்பத்தேழாவது நாள்."

மங்கையர்க்கரசி ஆண்டுகளாக்கிப் பார்த்தாள். "ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் வருஷம் ஆகுதே, சார்."

"அதுக்கு மேல எட்டு வருஷம்."

நிலவினடியில் குடைந்த அந்நகரில் அறுபதாயிரம் பேர் வாழ்ந்தனர்; வீதிகளோ ஆறாயிரவர்க்கே போதும். ஆதலின் நெரிசலொழி பொறி ஒவ்வொருவர்க்கும் ஒரு பகா எண்ணை அருளியிருந்தது. பதினொன்று பெற்றவர்க்குப் பதினொரு நாளுக்கு ஒருமுறை ஓய்வு. மற்ற நாள்களில் பணிக்கூடத்தின் கதவு வெளியே செல்லத் திறவாது. இருவர் ஓய்வு ஒன்றுகூட, அவ்விரண்டு எண்களின் பெருக்கற்பலன் நாள் வரை காத்திருக்க வேண்டும். அவளுக்குப் பதினொன்று, மணமகன் வெண்காடனுக்குப் பதின்மூன்று. நூற்று நாற்பத்து மூன்று நாளுக்கு ஒருமுறை சந்தித்தே காதலித்தார்கள். அவள் தாய்க்குப் பதினேழு, அவன் தந்தைக்குப் பத்தொன்பது. மணப்பதிவோ இருபத்து மூன்று நாளுக்கு ஒருமுறை. நால்வரும் நேரில் நிற்க வேண்டும் என்பது சட்டம்.

"அம்மாவுக்கு இதயம் தாங்கலைன்னு எண்பது நாள்ல பூமிக்கு அனுப்புறாங்க. அப்புறம் திரும்ப விடமாட்டாங்க. அவங்க பார்க்கத்தான் இந்தக் கல்யாணமே. என் நம்பரை மாத்திக் குடுங்க."

"அதுக்கு உங்க அதிகாரியும் அவரோட அதிகாரியும் சேர்ந்து வரணும். அவங்க இருபத்தொம்பது, முப்பத்தொண்ணு. எண்ணூத்தித் தொண்ணூத்தொம்பது நாள்."

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "வேலையே இல்லாதவங்களுக்கு?"

"ஒண்ணு. தினமும் ஓய்வு."

ஒன்று. எவ்வெண்ணுள்ளும் மீதியின்றிப் புகுந்து, எதனையும் மிகுவிக்காது நிற்கும் முதல் எண். அவளுக்குக் கைகூப்பத் தோன்றியது.

"அப்ப நாங்க நாலு பேரும் ராஜினாமா பண்ணிட்டா?"

கனகசபை விரல் மடக்கினார். "அடுத்த பதிவு நாள்லயே முடிச்சிடலாம். ஒம்பது நாள்தான். ஆனா மறுபடி வேலை கிடைக்க மூணு வருஷம் ஆகும்மா." மடக்கிய விரல்களைப் பார்த்து, "இது எனக்கு இத்தனை வருஷமாத் தோணலையே," என்றார்.

ஒன்பதாம் நாள் நால்வரும் பட்டுடுத்தி வந்தபோது வீதியில் கால்வைக்க இடமில்லை. செய்தி கூடந்தோறும் பரவியிருந்தது. கணவரைக் காணாத மனைவியரும் மகவைக் காணாத தாயரும் பணி துறந்து ஒன்றைப் பெற்றிருந்தனர். பொறி அவ்வளவு விண்ணப்பங்களையும் விதிப்படி ஏற்றது. ஒன்று பகா எண் அன்று. எனவே நெரிசல் கணக்கில் அதைச் சேர்க்கும் வழக்கம் பொறிக்கு இல்லை.

முட்டி மோதிப் பதிவகத்தை அடைந்தார்கள். கதவு பூட்டியிருந்தது. கூட்டத்தில் கனகசபை ஓர் அம்மையாரின் கையைப் பற்றி நின்றார்.

"வாழ்த்தணும்னு வந்தோம்மா. இவ என் சம்சாரம்."

"சார், கையெழுத்து?"

"நான் முந்தாநேத்தே ராஜினாமா பண்ணிட்டேனே."

"உங்களுக்கு அடுத்தவர்?"

"அதோ, தூண்கிட்ட, மகளைத் தோள்ல வச்சிக்கிட்டு நிக்கிறாரு பாரு."

தாய் நெஞ்சைப் பிடித்தபடி கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"இத்தனை பேர்ல, வேலையில இருக்கிறவன் ஒருத்தன்கூடவா இல்ல?"