டெல்மர் வெட்டியது ஆறு

துப்பாக்கியின் கட்டையில் ஒன்பது வெட்டுகள் இருந்தன. டெல்மர் ஸ்கார் வெட்டியது ஆறு.

கண்ணால் எண்ணியது போதாதென்று கட்டைவிரல் நகத்தை ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் விட்டு மறுபடி எண்ணினார். ஒன்பதுதான். பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அவருக்கு எது வந்தாலும் கோபத்துக்குப் பின்னால்தான் வரும். தன் வேலையில் எவனோ கை வைத்திருக்கிறான், அதுவும் அச்சு அசலாகத் தன்னைப் போலவே வெட்டியிருக்கிறான் என்பதில் அவருக்குக் காதோரம் சூடேறியது.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால், பவுடர் ஆற்றுப் பக்கம் ஒரு பழைய பண்ணையைக் கலைத்தபோது வாங்கியது அது. வின்செஸ்டர், 1886-ஆம் வருட மாடல், விசைக்குக் கீழே வளையமாக லீவர் தொங்குகிற நீளத் துப்பாக்கி. ஒரு திருகாணியின் தலைகூடச் சிதையவில்லை, குழலின் மேல் யாரும் பாலிஷ் போட்டுக் கெடுக்கவில்லை, வயதானவர்களின் கை போலப் பழுப்பேறிக் கிடந்தது. ஆனால் நேர்மையான சாமானுக்கு நேர்மையான விலைதான் கிடைக்கும். கதை உள்ள துப்பாக்கிக்கு அதைப் போல மூன்று மடங்கு. அதனால் டெல்மர் தன் கராஜில் உட்கார்ந்து ஆறு வெட்டுகளைப் போட்டு, அடுப்புக்கரியையும் காபி மண்டியையும் குழைத்துத் தேய்த்து நூறு வயதாக்கினார். மாட்டுத் திருடர்களை வேட்டையாடிய ஒருவனின் துப்பாக்கி இது, சுட்டுக் கொன்ற ஆளுக்கு ஒரு வெட்டு என்று கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டார். வெட்டிய முனை உடைந்த கத்தியை யெல்லோஸ்டோன் ஆற்றில் வீசிவிட்டு, துப்பாக்கியை பில்லிங்ஸ் நகரத்துப் பல் மருத்துவர் ஒருவருக்கு விற்றார்.

இன்றைக்கு மொண்டானாவில் எந்தத் துப்பாக்கிச் சந்தையிலும் "டெல்மர் என்ன சொன்னாரு?" என்று கேட்காமல் யாரும் பழைய லீவர் துப்பாக்கி வாங்குவதில்லை. அந்தப் பெயரைத் தவிர அவரிடம் வேறெதுவும் இல்லை. பெண்டாட்டி போய்விட்டாள், மகள் பேசுவதில்லை. அந்தத் துப்பாக்கியும் கடிதமும் விவரம் தெரிந்த வேறொருவன் கண்ணில் படுவதற்குள் கைப்பற்றிவிட வேண்டும் என்றுதான், இரண்டையும் இப்போது வைத்திருந்த மார்லிஸ் ப்ரூயட் போன் செய்ததும் பனியில் நூறு மைல் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"என்ன டெல்மர், கணக்கு உதைக்குதா?" என்றாள் மார்லிஸ்.

அடுப்புப் பக்கம் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள். புருஷன் லாய்டைப் புதைத்துப் பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. சமையலறை மேசையில் துண்டு விரித்து, அதன்மேல் துப்பாக்கியைக் கிடத்தியிருந்தாள். மணி நாலுகூட ஆகவில்லை, அதற்குள் ஜன்னலில் வெளிச்சம் நீலமாகிக்கொண்டிருந்தது. விறகடுப்பின் புகை, ஈரக் கம்பளி, ஆறிப்போன காபி, இவற்றுக்கு அடியில் பச்சையாக இன்னொரு வாசனையும் வந்தது. துப்பாக்கிக் கட்டை செய்கிற வால்நட் மரத்தை அப்போதுதான் சீவிய வாசனை. எங்கிருந்தோ சுரண்டும் சத்தமும் கேட்டது. சர்... சர்... கொஞ்சம் விட்டு, சர்...

"வீட்டுல எலி இருக்கு போல," என்றார் டெல்மர் எரிச்சலாக.

"எங்க வீட்ல எலி கிடையாது. நாலு பூனை இருக்கு. நாலும் இப்பல்லாம் கொட்டகையை விட்டு உள்ள வர்றதில்ல." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "லாய்டுக்கும் இந்தச் சத்தம் கேட்டுச்சு. மூணு நாள் வீடெல்லாம் தேடினாரு. நாலாம் நாள் கொட்டகையில கெடந்தாரு. துடைக்கறப்ப வெடிச்சிருச்சுன்னு ஷெரிஃப் எழுதிட்டுப் போயிட்டாரு. லாய்ட் இதுல ஒரு குண்டுகூடப் போட்டதில்ல. பழசுல போடக் கூடாதுன்னு சந்தையில நீங்கதானே சொன்னீங்க."

"வருத்தமா இருக்கு, மார்லிஸ்."

"இருக்கட்டும். இவருக்கு முன்னாடி வச்சிருந்த ஷெரிடன் ஊர்க்காரரும் இப்படித்தான் போயிருக்காரு. அதுக்கு முன்னாடி பல் டாக்டர். எல்லார் வீட்டுக்கும் போன் போட்டேன். டாக்டர் சம்சாரம் சொல்றா, வாங்குறப்ப ஆறாம். அவர் போன அன்னைக்கு ஏழாம்." அவள் மேசைக்கு அருகே வந்தாள். "எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஆறையும் வெட்டினது யாரு?"

ஒரு சொல் போதும், நான் என்று. டெல்மருக்கு அது நாக்கு நுனி வரை வந்தது. கூடவே சந்தைகளும் மேசைகளும் சுற்றி நின்று சிரிக்கப் போகிற முகங்களும் வந்தன. மாட்டுக்கு வைக்கோல் போடுகிற ஒருத்தி தன்னைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பதா என்று ரத்தம் கொதித்தது.

"கடுதாசியிலயே எழுதியிருக்கேனே. ஆறு பேரு, ஆறு வெட்டு. மத்த மூணும் உங்க வீட்டுக்காரர் வேலை. விலையை ஏத்தப் பாத்திருப்பாரு. எத்தனை பேர் பண்றாங்க."

செத்தவன் எழுந்து வந்து சாட்சியா சொல்லப் போகிறான் என்று நினைத்துக்கொண்டார்.

மார்லிஸ் கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். "லாய்டுக்கு ரெண்டு வருஷமா கை நடுக்கம். காபிக் கோப்பையை ரெண்டு கையாலதான் பிடிப்பாரு. தட்டுல இருக்கற கறியை நான்தான் வெட்டிக் கொடுப்பேன்." பையிலிருந்து மடித்த கடிதத்தை எடுத்து மேசையில் போட்டாள். "உங்க எழுத்து, உங்க துப்பாக்கி. ரெண்டையும் எடுத்துக்கங்க. காசு வேணாம். நான் மாட்டுக்குத் தீனி வச்சுட்டு வர்றதுக்குள்ள கிளம்பிருங்க. நானும் கோபக்காரிதான் டெல்மர், ஆனா உங்களைத் திட்ட எனக்குத் தெம்பு இல்ல."

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். பனியில் அவள் நடக்கும் சத்தம் தேய்ந்தது.

நல்லது, சனியன் விட்டது என்று டெல்மர் வாய்விட்டே சொன்னார். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. கோபத்தில்தான் என்று சொல்லிக்கொண்டார். பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்துக் கண்ணில் பொருத்திக் கட்டையின்மேல் குனிந்தார். எந்த மடையன் செய்திருந்தாலும் ஒரு தடயமாவது விட்டிருப்பான். மூன்று புது வெட்டுகளும் இடதுகைக்காரன் போட்டதுபோல வலப்பக்கம் சாய்ந்திருந்தன. டெல்மர் இடதுகைக்காரர். ஒவ்வொரு வெட்டின் முடிவிலும் மயிரிழை அளவில் ஒரு படி இருந்தது. முனை உடைந்த கத்தி மட்டுமே அப்படி ஒரு படியை விட்டுப்போகும். அந்தக் கத்தி பத்தொன்பது வருடமாக ஆற்றின் அடியில் கிடந்தது.

ஒன்பதாவது வெட்டில் கரி இல்லை. உள்ளே மரம் வெளுப்பாக இருந்தது.

சர்... சர்...

அவர் நிமிர்ந்தார். சுவரைத் தட்டினார். அலமாரிகளைப் படார் படாரென்று திறந்து பார்த்தார். மாவுப் பையும் பீன்ஸ் டப்பாக்களும்தான் இருந்தன. சுவர்ப் பக்கம் போனால் சத்தம் சன்னமானது, மேசைப் பக்கம் திரும்பினால் தெளிவானது. அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கடிதத்தைக் கசக்கி அடுப்பில் எறிந்தார். ஒரு மூலை மட்டும் கிழிந்து கையில் நின்றது. அதில் அவருடைய கையெழுத்து இருந்தது.

கிளம்பியிருக்கலாம். ஆனால் குழலின் உள்ளே பார்க்காமல் டெல்மர் எந்தத் துப்பாக்கியையும் தூக்கிக்கொண்டு போனதில்லை. நாற்பது வருடப் பழக்கம் அது. லீவரைக் கீழே தள்ளித் திறந்தார். சுண்டுவிரலை உள்ளே விட்டுத் துழாவினார். குண்டு இல்லை. குழலுக்கு அடியிலிருந்த குண்டுக் குழாயையும் சோதித்தார், அதுவும் காலி. அந்தத் தாள் மூலையைப் பின்பக்கத் திறப்பில் ஜன்னல் வெளிச்சம் படும்படி செருகினார். வெள்ளைத் தாள் பட்டால், குண்டைச் சுழற்றுவதற்காகக் குழலுக்குள் வெட்டிய சுற்றுகள் கடைசிவரை பளிச்சென்று தெரியும். மேசையின் மறுகோடிக்குப் போய், மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் குழலின் நுனியைப் பிடித்துக் கண்ணை வைத்தார்.

உள்ளே சுற்றுகள் சுத்தமாக வளைந்து வளைந்து போயின. அந்தக் கோடியில் நிலாத்துண்டு போல வெள்ளைத் தாள் தெரிந்தது. அதில் அவருடைய பெயரின் முதலெழுத்து.

குழல் விரல்களுக்குள் அதிர்ந்தது. லேசாக. ஒழுங்காக.

சர்... சர்...

சத்தம் மரத்தில் தொடங்கி இரும்பு வழியாக அவருடைய கன்னத்து எலும்புக்கு வந்துகொண்டிருந்தது. எலி இல்லை. சுவரிலும் இல்லை. துப்பாக்கியின் அந்தக் கோடியில், கட்டையில், யாரோ வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

கண்ணை எடுக்க வேண்டும். எடுக்க முடியவில்லை. முழங்கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. விரல்கள் இரும்போடு. வால்நட் வாசனை மூக்கில் ஏறியது. மேசை விளிம்பிலிருந்து ஏதோ ஒன்று தரையில் விழுந்தது. இலேசானது. சுருண்டது. ஒரு மரச்சீவல்.

"நான்தான்டா வெட்டினேன்," என்று கத்தினார் டெல்மர். அப்போதும் அது கோபமாகத்தான் வந்தது. "ஆறு. ஆறே ஆறு. நான்தான்."

அந்தக் கேள்வியைக் கேட்டவள் மாட்டுக் கொட்டகையில் இருந்தாள்.

சுரண்டல் நின்றது. யாரோ ஊதினார்கள், வெட்டில் தங்கிய தூளை ஊதுவதுபோல. அவர் ஊதுவதுபோல.

குழலின் கோடியில் வெள்ளைத் தாள் மெல்ல மறைந்தது. முதலில் பாதி. பிறகு முழுவதும். லீவர் நிதானமாக மேலே ஏறும் சத்தம். க்ளிக்.

டெல்மரின் இரண்டு கைகளும் குழலின் நுனியில்தான் இருந்தன.